எண்ணெய் தொடாத மரகதம்

“சோப்பு வேணாம்னா வேணாம்தான். நீங்க கையை மட்டும் மேல தூக்கியே வெச்சிருங்க.”

“தூக்கித்தாங்க வெச்சிருக்கேன். தோள் கடுக்குது.”

“கடுப்பு உங்களோடது. மோதிரம் நிறுவனத்தோடது. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க.”

சொன்னவர் மணிக்கல் தரநிர்ணய நிறுவனத்தின் மரகத அலுவலர். கேட்டுக்கொண்டவர் எதிர்த்தெருவில் கடை வைத்திருக்கும் முடிதிருத்துநர். பதில் தெரிந்த பள்ளிக்கூடப் பையனைப் போல வலது கையை உயர்த்திக்கொண்டு, முதல் மாடி மண்டபத்தின் நடுவே அவர் நின்றிருந்தார். அந்தக் கையின் மோதிர விரலில், அடிவரை இறங்கி, நிறுவனத்தின் பெருமைக்குரிய மரகதம் உட்கார்ந்திருந்தது. விரல் அதைச் சுற்றி வீங்கிக்கொண்டிருந்தது.

அவர் மோதிரம் போட்டுக்கொள்ள வந்தவர் அல்ல. மாதாமாதம் இயக்குநருக்கு முடிவெட்ட வருபவர். இயக்குநர் கடைக்குப் போகமாட்டார். கடையில் முதலில் வந்தவருக்கு முதலில் வெட்டுகிறார்கள் என்பது அவருக்கு ஒழுங்கீனமாகப் பட்டது. அன்றும் வேலை முடிந்து, துணியை உதறி மடித்து, கத்தரியை உறையில் செருகிக் கிளம்பும்போதுதான் இயக்குநர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல், கையைக் கொஞ்சம் காட்டச் சொன்னார்.

அன்று மரகதத்தின் தரத்தைப் புதுப்பிக்கும் நாள். இதற்கென நிறுவனத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெல்வெட்டில் வைத்தால் கல் பொய் சொல்லும், வசதியானவர் கையில் ஏறினால் அவருக்கு ஜால்ரா போடும், உழைத்த கையில் ஏறினால்தான் உள்ளபடி நிறம் காட்டும் என்று நிறுவனர் எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தார். நடுத்தர நிறமுள்ளதாகவும் சொந்தக் கருத்து ஏதும் இல்லாததாகவும் கை இருக்க வேண்டும் என்பது விதி. பழைய காவலாளியின் கை அப்படிப்பட்டது. அவர் ஓய்வு பெற்றுவிட்டார். புதிய காவலாளி ஒப்பந்தக்காரரின் ஆள். ஆகவே அவருடைய கையும் ஒப்பந்தக்காரருடையது. வாடகைக் கையில் மரகதத்தை ஏற்றலாமா என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டதற்கு இன்னும் பதில் வந்தபாடில்லை. மிச்சமிருந்தது முடிதிருத்துநரின் கை.

கத்தரி பிடித்துப் பிடித்து அந்த விரலின் கணு பருத்துவிட்டது, மோதிரம் ஏறினால் இறங்காது என்று அவர் பணிவாகச் சொல்லிப் பார்த்தார். மோதிரம் அடிவரை போகாவிட்டால் கல் சாய்ந்து நிற்கும், சாய்ந்த கல்லுக்குத் தரம் வழங்க விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. மரகத அலுவலர் தாமே கட்டைவிரலால் முட்டுக்கொடுத்துத் தள்ளினார். கணுவில் தோல் சுருண்டு மடிந்தது, முடிதிருத்துநரின் கண்ணில் தண்ணீர் கோத்தது, மோதிரம் போய் உட்கார்ந்தது.

“பாத்தீங்களா? போகாதுன்னீங்களே,” என்றார் மரகத அலுவலர்.

போகாது என்று முடிதிருத்துநர் சொல்லவில்லை. இறங்காது என்றுதான் சொன்னார். அதைத் திருத்துவது மரியாதையாக இராது என்று விட்டுவிட்டார்.

இந்த இடத்தில் நிறுவனத்தின் கட்டடத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். உலகத்திலுள்ள கற்களை அது அருமணி, இடைமணி என்று இரண்டாகப் பிரித்திருந்தது, படிக்கட்டுகளையும் அவ்வாறே. வைரம், மாணிக்கம், நீலம், மரகதம் ஆகிய நான்கும் மாடியில். அங்கே ஏறப் பளிங்குப் படி. செவ்வந்திக்கல், கோமேதகம், ஓபல் போன்றவையும் அவற்றைப் பார்த்துக்கொள்ளும் அலுவலர்களும் நிலவறையில். அங்கே இறங்க, கட்டடத்தின் பின்புறம் தண்ணீர்த் தொட்டியை ஒட்டி இரும்புப் படி. மின்தூக்கி ஒன்று இருந்தது. அது நிலவறைக்கு இறங்காது. மாணிக்கமும் நீலமும் அடிப்படையில் ஒரே கனிமம், உள்ளே கலந்த துளி அசுத்தம் வேறு என்பதால் நிறம் வேறு. எனவே அந்த இரண்டு அலுவலர்களும் ஒரே அறையில், நடுவே திரைபோட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலை செய்தார்கள். எந்தக் கல் எந்த மாடி என்று முதன்முதலில் யார் தீர்மானித்தார் என்பது யாருக்கும் தெரியாது. கேட்டவர்கள் நிலவறைக்கு மாற்றப்பட்டார்கள்.

கணவர் திரும்பாததைக் கண்டு முடிதிருத்துநரின் மனைவி தெருவைத் தாண்டி வந்தாள். கடையில் பெண்கள் பகுதி அவளுடையது. ஆண்கள் பகுதியில் ஒருவர் முகத்தில் நுரையோடு காத்திருந்தார். அவரை ஈரத்துணியால் மூடிவிட்டு வந்திருந்தாள். காவலாளி அவளை இரும்புப் படிப் பக்கம் அனுப்பினார். முடிவெட்டுபவரைத் தேடி வருபவர்கள் எந்த வகை என்று பட்டியலில் இல்லாததால் இடைமணியாகக் கொள்வதே பாதுகாப்பு என்று விளக்கினார். அவள் நிலவறைக்கு இறங்கி, அங்கிருந்து மாடிக்கு வழியில்லை என்று தெரிந்து, மறுபடி ஏறி வந்து, காவலாளி கொட்டாவி விட்ட நேரமாகப் பார்த்துப் பளிங்குப் படியில் ஓடி ஏறிவிட்டாள்.

கணவரின் விரலைப் பார்த்ததும் அவளுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை. முடிவெட்டும் கத்தரியின் ஒரு வளையத்தில் கட்டைவிரலும் மற்ற வளையத்தில் மோதிர விரலும் நுழையும். ஓடுவது கட்டைவிரல்; தாங்குவது மோதிர விரல். அது போனால் கத்தரி போயிற்று. அந்தக் கடையில் இரண்டு நாற்காலிகளும் இரண்டு பிள்ளைகளின் படிப்பும் அந்த வளையத்துக்குள்தான் இருந்தன.

அவள் பையிலிருந்து தலைக்குத் தேய்க்கும் எண்ணெய்ப் புட்டியை எடுத்துத் திருகினாள்.

மரகத அலுவலர் அலறவில்லை. அதற்கு அவருக்கு மூச்சு வரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நிறப் பிரிவின் தலைவியான அம்மையார் பாய்ந்து வந்து புட்டியைக் கைக்குட்டையால் பிடித்து வாங்கி, சன்னலுக்கு வெளியே, தெருவில் யாராவது போகிறார்களா என்று பார்க்காமல், போட்டார்.

“எண்ணெயா?” என்றார் மரகத அலுவலர் தரையிலிருந்து. “அம்மா, உங்களுக்கு ஈவு இரக்கமே கிடையாதா?”

அவளுக்கு விளக்கினார்கள். மரகதம் என்பது பிறவியிலேயே விரிசல் விட்ட கல். உள்ளே மயிரிழை மயிரிழையாகப் பிளவுகள் ஓடும். சந்தைக்கு வரும் மரகதங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்தப் பிளவுகளில் எண்ணெய் ஊட்டி, பளிச்சென்று ஆக்கித்தான் விற்கிறார்கள். இந்த ஒன்று அப்படி அல்ல. இதன் சான்றிதழில் ‘எண்ணெய் தொடாதது’ என்று பொன்னெழுத்தில் இருக்கிறது. ஒரு சொட்டு பட்டால் அந்த வார்த்தை போய்விடும். வார்த்தை போனால் நிறுவனத்துக்கு என்ன இருக்கிறது?

“எங்க கடைக்கு வர்ற பாதித் தலை எண்ணெய் தொடாததுதான்,” என்றாள் மனைவி. “நாங்க யாருக்கும் சான்றிதழ் குடுக்கறதில்ல. சரி, சோப்பு?”

சோப்பும் பிளவில் புகும். வெந்நீர் என்றால் அது வெப்பமூட்டல். கல்லைச் சூடுபடுத்தி நிறம் ஏற்றும் போலிகளின் வேலை. பனிக்கட்டி வைத்தால் திடீர்க் குளிரில் விரிசல் நீளும். விரலைச் சுற்றி நூலை இறுக்கிச் சுற்றி, அடியிலிருந்து பிரித்துக்கொண்டே வந்தால் மோதிரம் தானாகக் கழன்று வந்துவிடும் என்று அவள் நூற்கண்டை எடுத்தாள். நிறப் பிரிவு அம்மையார் அதையும் கைக்குட்டையால் வாங்கிக்கொண்டார். நூலில் சாயம் இருக்கும் என்றார். வெள்ளை நூலுக்கு ஏது சாயம் என்றாள் மனைவி. வெள்ளையும் ஒரு நிறம்தான், நிறம் எது என்று முடிவு செய்வது தம்முடைய பிரிவு என்றார் அம்மையார்.

மோதிரத்தை வெட்டலாமே என்று முடிதிருத்துநர் மெதுவாகக் கேட்டார். எல்லோரும் அவரை, நாற்காலி பேசிவிட்டது போலப் பார்த்தார்கள். மோதிரத்தின் வளையம் உலோகப் பிரிவின் சொத்து. உலோகப் பிரிவுக்குத் தலைவர் நியமிக்கப்படவில்லை. வெட்டலாம் என்று யார் கையெழுத்துப் போடுகிறாரோ, தணிக்கைக்காரர்கள் வரும்போது வெட்டியவர் அவரே ஆவார்.

“அப்ப ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். அங்க ஒரு நிமிஷ வேலை. வாங்க போலாம்,” என்று மனைவி அவருடைய முழங்கையைப் பிடித்தாள்.

அப்போதுதான் இயக்குநர் தம் அறையிலிருந்து வந்தார். புதிதாக வெட்டிய முடி, கழுத்தில் பவுடர். அவர் எதையும் நிதானமாகச் சொல்பவர்.

“தாராளமா போங்க,” என்றார். “உங்களை யாரும் பிடிச்சு வெக்கல. மோதிரம் போகமுடியாது. போனா அது திருட்டு. திருட்டைக்கூட மன்னிச்சிரலாம், நாம மனுஷங்க. ஆனா, கல்லு வெளியே போயிட்டுத் திரும்பி வந்தா, உள்ள வர்ற ஒவ்வொரு கல்லுக்கும் கேக்கற கேள்வியை எங்க பூர்வீகப் பிரிவு இதுக்கும் கேக்கும்: இப்ப எங்கருந்து வருது? உண்மையைத்தானே எழுதணும். எதிர்த்தெருன்னு எழுதுவாங்க. பத்திப் பத்தியா மலையும் சுரங்கமும் எழுதின சான்றிதழ்ல, பூர்வீகம் எதிர்த்தெரு. நீங்களே சொல்லுங்க, நல்லாவா இருக்கு?”

நன்றாக இல்லைதான் என்று முடிதிருத்துநர் ஒப்புக்கொண்டார். மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். வீட்டில் அந்தப் பார்வைக்கு அவர் பாத்திரம் கழுவக் கிளம்பிவிடுவார். இங்கே கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்.

குழு கூட்டப்பட்டது. நீண்ட மேசையின் தலைப்பக்கம் இயக்குநர். நடுவே ஒரு சிறு வெல்வெட் மெத்தை. அதன் மேல் முடிதிருத்துநரின் கை. கைக்கு மட்டும்தான் மேசையில் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது, ஆள் நின்றார். மனைவியை வெளியே அனுப்பச் சொன்னார்கள். அவள் நகரவில்லை. அவளைக் கூட்டக் குறிப்பில் ‘வெளியே அனுப்பப்பட்டார்’ என்று எழுதிக்கொண்டு, அதன்பின் அவள் அங்கே இல்லாதது போல நடந்துகொண்டார்கள்.

இயக்குநர் தொடக்க உரை ஆற்றினார். பெரிலியம் என்ற தனிமமும் குரோமியம் என்ற தனிமமும் பூமிக்குள் சாதாரணமாகச் சந்திக்கவே சந்திக்காதவை என்றும், ஏதோ ஒரு மலை இன்னொரு மலையை முட்டித் தள்ளியபோது, கொதிக்கும் நீர் பாறையிடுக்கில் புகுந்து இரண்டையும் சேர்த்துவைத்தது என்றும், அந்த விபத்தின் குழந்தைதான் மரகதம் என்றும் சொன்னார். பிறகு முடிதிருத்துநர் பக்கம் திரும்பினார்.

“கோடிக்கணக்கான வருஷம் அது பூமிக்கடியில அழுத்தத்துல கெடந்திருக்கு. மேல ஒரு மலையே உக்காந்திருக்கு. ஒரு வார்த்தை பேசலை. நீங்க மத்தியானத்துலருந்து ஒரு மோதிரத்தைப் போட்டுட்டு வலிக்குதுங்கறீங்க. நான் குத்திக் காட்டறதுக்காகச் சொல்லலை. அருமணின்னா என்ன, மத்ததுன்னா என்னன்னு புரியணும்ல.”

அடுத்து விரிசல்களைப் பற்றிப் பேசினார். கல்லுக்குள் இருக்கும் பிளவு, குமிழி, கருந்துளி ஆகியவற்றைப் பழுது என்று வெளியாட்கள் சொல்வார்கள், நிறுவனத்தில் அவற்றுக்குப் பெயர் தோட்டம் என்றார். தோட்டத்தைப் பார்த்துத்தான் கல் எந்த மண்ணில் விளைந்தது என்று கண்டுபிடிக்கிறார்கள். “உள்ள அழுக்கு இருந்தாத்தான் அசல். அழுக்கே இல்லாம சுத்தமா இருந்தா, ஆய்வுக்கூடத்துல செஞ்சதோன்னு உடனே சந்தேகப்படணும். இத்தனை வருஷமா இந்த நிறுவனத்துல ஒருத்தர் மேலயும் அப்படி ஒரு சந்தேகம் வந்ததில்ல. அதை நான் பெருமையாவே சொல்லுவேன்.”

மேசையைத் தட்டினார்கள். மேசை அதிர்ந்து விரலில் வலி தெறித்தது. தட்டி முடியும்வரை முடிதிருத்துநர் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

இந்த நேரத்தில் கதவு திறந்து அக்வாமரைன் அலுவலர் தலையை நீட்டினார். கடல்நீர் நிறத்தில் வெளிறிய நீலமாக இருக்குமே, அந்தக் கல்லுக்கு அவர் பொறுப்பு, ஆகவே நிலவறை. அவர் மரகத அலுவலரின் கூடப்பிறந்த தம்பி. இதில் யாரும் கவனிக்க விரும்பாத ஒற்றுமை ஒன்று உண்டு. மரகதமும் அக்வாமரைனும் கூட ஒரே கனிமத்தின் பிள்ளைகள்தான். பெரில் என்பது அதன் பெயர். ஒன்று பச்சையாகப் பிறந்து மாடிக்குப் போயிற்று, மற்றது நீலமாகப் பிறந்து நிலவறைக்கு. அண்ணனும் தம்பியும் காலையில் ஒரே வீட்டிலிருந்து ஒரே வண்டியில் கிளம்புவார்கள். தெருமுனை வந்ததும் தம்பி இறங்கிப் பின்பக்கமாக நடந்து வருவார்.

“நிலவறை ஆளுங்க குழுவுல பேசறதில்ல,” என்றார் அண்ணன், கூரையைப் பார்த்துக்கொண்டு.

“நான் பேச வரலண்ணே. உதவி பண்ண வந்தேன்.”

தம்பியின் உதவி இப்படி இருந்தது. பச்சையாக இருக்கும் பெரில் எல்லாம் மரகதம் ஆகிவிடாது. போதிய அளவு பச்சை இருந்தால்தான் மரகதம். கொஞ்சம் குறைந்தாலும் அதற்குப் பெயர் வெறும் பச்சைப் பெரில். பச்சைப் பெரில் இடைமணி. இடைமணி நிலவறையின் பொறுப்பு. நிலவறையில் எண்ணெய்க்கோ சோப்புக்கோ தடையில்லை, அங்கே யாரும் எதையும் மதிப்பதில்லை. எனவே குழு இந்தக் கல்லை ஒரு படி இறக்கிவிட்டால் போதும், தாமே சோப்புப் போட்டு மோதிரத்தைக் கழற்றித் தருவதாகவும், கல்லைத் தம் அலமாரியிலேயே வைத்துக்கொள்வதாகவும் சொன்னார். அலமாரி காலியாக இருப்பதை இரண்டு தடவை குறிப்பிட்டார்.

முடிதிருத்துநரின் முகம் மலர்ந்தது. மனைவி முதல் முறையாக ஒரு அலுவலரை நன்றியோடு பார்த்தாள். அண்ணனின் கழுத்து நரம்பு புடைத்தது. “சின்ன வயசுலயே இவன் இப்படித்தான்,” என்றார் பொதுவாக. “நான் கடிச்ச பழம்தான் அவனுக்கு வேணும்.”

பச்சை போதுமா போதாதா என்று சொல்ல வேண்டியவர் நிறப் பிரிவு அம்மையார். அவர் உருப்பெருக்கியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு குனிந்தார். சன்னலின் வடக்குப் பக்கத் திரையை விலக்கச் சொன்னார். கையைத் திருப்பினார், முடிதிருத்துநர் முனகினார், முனகல் நிறத்தைப் பாதிப்பதாகச் சொல்லி நிறுத்தச் சொன்னார். நீண்ட நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது.

“என் பணிக்காலத்துல இப்படி ஒரு பச்சையைப் பார்த்ததில்ல.”

உண்மைதான். விரல் அதற்குள் நன்றாகச் சிவந்திருந்தது. தோல் இழுத்து மினுமினுத்து, பழுத்த மிளகாயைப் போல இருந்தது. சிவப்புக்கு நடுவே வைத்தால் பச்சை இரண்டு மடங்காக எரியும் என்பது துணிக்கடையில் சேலை விரித்துக் காட்டுபவருக்குத் தெரியும். வீக்கம் கூடக்கூட, கல்லின் பச்சை கூடியது. நிறுவனத்தின் விதி கல்லைக் கையோடு சேர்த்துத்தான் பார்க்கச் சொல்கிறது. அம்மையார் விதிக்கு வெளியே எதையும் பார்க்கும் பழக்கம் இல்லாதவர். மரகதத்தின் தரம் குறைக்கப்படவில்லை. உயர்த்தப்பட்டது. அதுவரை இல்லாத ஒரு தரம் அதற்காகவே அங்கேயே உருவாக்கப்பட்டது.

மறுபடி மேசையைத் தட்டினார்கள். மரகத அலுவலர் எழுந்து வந்து முடிதிருத்துநரின் மற்ற கையைக் குலுக்கினார். உழைத்த கை என்று நிறுவனர் சொன்னதன் பொருள் இன்றுதான் விளங்கியது என்றார் இயக்குநர். புகைப்படக்காரர் வந்து கையைப் படம் எடுத்தார். முகம் தெரியாதபடி துணியால் மறைத்தார்கள்.

“இப்ப கழட்டலாமா?” என்று கேட்டாள் மனைவி.

அவள் இல்லாதவள் என்பதால் யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் முடிதிருத்துநர் அதையே திரும்பக் கேட்டபோது, தம்பி மேசையருகே வந்து குனிந்து, விரலின் நுனியைப் பார்த்துப் புன்னகைத்தார்.

“கவலைப்படாதீங்க. கொஞ்ச நேரம் பொறுத்துக்கங்க. நகத்துக்கிட்ட பாருங்க, நீலம் தட்ட ஆரம்பிச்சிருச்சு. ரத்தம் போகலைன்னா அப்படித்தான் ஆகும். விரல் முழுக்க நீலமாச்சுன்னா பச்சை தானா மங்கிரும். அப்ப அம்மா மறுபடி பாத்தா பச்சைப் பெரில்னுதான் எழுதியாகணும். கல்லு என்கிட்ட வந்துரும். வந்த உடனே சோப்புதான்.”

“விரல் செத்ததுக்கப்புறம் சோப்புப் போடுவீங்களா?” என்றாள் மனைவி.

“அதுக்கு முன்னாடி எனக்கு அதிகாரம் இல்லீங்களே.” தம்பி உண்மையாகவே வருந்தினார்.

இதைக் கேட்டதும் குழுவில் ஒரு பரபரப்பு உண்டாயிற்று. முடிதிருத்துநருக்கு முதலில் அது தன்னைப் பற்றிய பரபரப்பு என்று தோன்றி, நெஞ்சு நெகிழ்ந்தது. பிறகு பேச்சைக் கேட்கக் கேட்கப் புரிந்தது. விரல் நீலமாவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும் என்பதில் எல்லோரும் ஒருமனதாக இருந்தார்கள். புதிதாகக் கிடைத்த தரம் கைநழுவிப் போய்விடக் கூடாது அல்லவா. சிவப்பாக இருக்கும்போதே கல்லைப் பிரித்துவிட்டால், கடைசியாகப் பார்த்த நிறமே நிரந்தர நிறம். அந்தத் தரத்தை எந்தத் தம்பியும் தொடமுடியாது.

மரகத அலுவலர் ஆளனுப்பி, கல் அறுப்பவரை வரவழைத்தார். அவர் வாயில் எதையோ மென்றுகொண்டு, ஒரு கையில் குறடும் மறு கையில் வைரத்தூள் பூசிய வட்ட ரம்பமுமாக வந்தார். மோதிரத்தின் பின்பக்கத்தைக் குறடால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். ஒரு வெட்டு, விட்டுப்போகும் என்றார். மனைவி சட்டென்று, அப்படியென்றால் வெட்டுங்கள் என்றாள். வெட்டலாம், எனக்கென்ன, யாராவது ஒரு வரி எழுதிக் கொடுங்கள் என்றார் கல் அறுப்பவர். இதற்கு முன் வாய்ப்பேச்சை நம்பி ஒரு பதக்கத்தை அறுத்ததில் ஓய்வூதியத்தில் கை வைத்துவிட்டார்கள் என்றும், இனி எழுத்தில்லாமல் பென்சில்கூடச் சீவுவதில்லை என்றும் சொன்னார்.

இயக்குநர் மரகத அலுவலரைப் பார்த்தார். மரகத அலுவலர் நிறப் பிரிவு அம்மையாரைப் பார்த்தார். அம்மையார் பேனாவைக் கைப்பைக்குள் போட்டு மூடினார். தம்பி, தாம் நிலவறை என்பதை நினைவூட்டினார். மனைவி தன் பேனாவை எடுத்து, நானே போடுகிறேன் என்றாள். ‘வெளியே அனுப்பப்பட்டவர்’ கையெழுத்துப் போட்டால் அந்தக் கூட்டமே செல்லாமல் போய்விடும் என்று விளக்கினார்கள்.

“தெய்வமே, வளையம்தானே,” என்றாள் அவள். குரல் முதல் தடவையாக உடைந்தது. “வேற வளையம் செஞ்சு குடுத்துர்றோம். கடையை வித்தாவது குடுத்துர்றோம். இவருக்கு அந்த விரல் வேணும்.”

அவள் இல்லாத இடத்திலிருந்து வந்த அந்தக் குரலைக் குழு மரியாதையான மௌனத்தோடு கடந்து போனது.

அந்த மௌனத்தில்தான் பூர்வீகம் பற்றிய பழைய கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்த மரகத அலுவலர் தொண்டையைச் செருமினார். சுரங்கத்தில் கல் தனியாக விளைவதில்லை, அதைச் சுற்றி ஒரு பாறை கவ்விக்கொண்டிருக்கும், அதற்குத் தாய்ப்பாறை என்று பெயர் என்று வாசித்தார். கல் எளிதில் வராவிட்டால் சுரங்கக்காரர்கள் கல்லை உடைப்பதில்லை. பாறையை உடைக்கிறார்கள். இது நிறுவனம் தோன்றும் முன்பே உள்ள நடைமுறை. பிறகு சொத்துப் பட்டியலைப் பார்த்தார். கல் பட்டியலில் இருந்தது. வளையம் இருந்தது. வெல்வெட் மெத்தை, உருப்பெருக்கி, திரைகள், மேசை எல்லாம் இருந்தன. விரல் இல்லை.

“பட்டியல்ல இல்லாததை வெட்ட யார் கையெழுத்தும் தேவையில்ல,” என்றார்.

அறை முழுவதும் ஒரு நிம்மதிப் பெருமூச்சு எழுந்தது. அம்மையார் கைப்பையைத் திறந்தார். கல் அறுப்பவர் குறடைக் கீழே வைத்துவிட்டு ரம்பத்தை எடுத்துக் கூர் பார்த்தார். அறுக்கும்போது ஊற்றும் தண்ணீர் தெறிக்கும், கம்பளத்தைச் சுருட்டச் சொன்னார். இரண்டு பேர் உடனே சுருட்டத் தொடங்கினார்கள். யாரோ பழைய செய்தித்தாள் கொண்டுவந்து மெத்தைக்குக் கீழே விரித்தார்கள். எல்லாம் மிகச் சுறுசுறுப்பாக நடந்தது. நிறுவனத்தில் அப்படி ஒரு சுறுசுறுப்பை அன்றுதான் பார்ப்பதாகத் தம்பி பிறகு சொல்லிக்கொண்டிருந்தார்.

முடிதிருத்துநர் கையை இழுக்கப் பார்த்தார். இரண்டு பக்கத்திலிருந்தும் மணிக்கட்டை மெதுவாகப் பிடித்துக்கொண்டார்கள். வாயைத் திறந்தார்; வாழ்நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்தவர்களிடம் பேசிப் பழகிய அந்த வாயிலிருந்து, ஐயா என்ற ஒரு சொல்லுக்குமேல் வரவில்லை. மனைவி மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்து அவருக்குப் பின்னால் நின்றாள். மணிக்கட்டை விடுவிக்க அவளுக்குப் பலம் போதவில்லை. தன் இரண்டு உள்ளங்கைகளையும் அவருடைய கன்னங்களில் வைத்து, கடையில் அசையும் தலைகளைப் பிடிப்பது போல, இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

இயக்குநர் நாற்காலியை விட்டு எழுந்து அருகே வந்தார். குனிந்து, மனைவியின் உள்ளங்கைகளுக்கு நடுவே அசையாமல் இருந்த முடிதிருத்துநரின் முகத்துக்கு நேராகத் தம் முகத்தைக் கொண்டுவந்தார். வெட்டிய முடியில் ஒரு துணுக்கு இன்னும் அவர் காதோரம் ஒட்டியிருந்தது. அவர் குரல் மிகவும் இதமாக இருந்தது.

“நாங்க யாரையும் கட்டாயப்படுத்தற நிறுவனம் இல்ல. இத்தனை நாள் பழக்கம் நமக்கு. தாய்ப்பாறையோட சம்மதம்னு ஒரு வரி இருந்தா குறிப்பு நல்லா முடியும், அவ்வளவுதான். எழுதித் தர வேணாம், உங்க கைதான் வேலையா இருக்கே. வாயாலகூடச் சொல்ல வேணாம். தலையை மட்டும் லேசா ஒரு ஆட்டு ஆட்டிருங்க.”